முட்டை உடையவில்லை, அக்கா

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு, தம்பி ஹார்லன் எழுதிக்கொண்டது. இங்கே நான், நாடின், பையன் ரைலன், டயர் கடை எல்லோரும் நலம். டுலூத்தில் உன் முட்டிவலியும் பனியும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

உன் கடிதம் வந்தது. காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பதால் மரியாதையோடுதான் படித்தேன். "ஹெல்மெட் மண்டை ஓட்டைத்தான்டா காப்பாத்தும், உள்ள இருக்கிற மூளையை இல்ல. முட்டை ஓடு உடையாட்டியும், வேகமா மோதினா உள்ள கலங்கிடும்" என்று எழுதியிருந்தாய். டெக்சாஸில் பிறந்துவிட்டு எங்கள் பையன்களை முட்டை என்று சொன்ன முதல் ஆள் நீதான். இந்தப் புது ஹெல்மெட்டுகளை வாங்குவதற்காக, பள்ளிக்கூட அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் ஆதரவாளர் சங்கத் தலைவரான நான் சனிக்கிழமை தவறாமல் புகையில் நின்று மாட்டு நெஞ்சுக்கறி சுட்டு விற்றிருக்கிறேன். எனக்குக் கோபம் வராதா?

சரி, விஞ்ஞானப்படியே பார்த்துவிடுவோம் என்று ஒரு முட்டையைப் புது ஹெல்மெட்டுக்குள் வைத்து, சுற்றிலும் பஞ்சை அடைத்து, கடைக் கூரையிலிருந்து தார்த்தரையில் போட்டேன். முட்டை உடையவில்லை! டயர் மாற்ற வந்தவர்களெல்லாம் கை தட்டினார்கள். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நாடினிடம் நீட்டினேன். அவள் அதை வாணலியில் உடைத்து ஊற்றினாள். மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாய்க் கலந்து விழுந்தன. "உங்க அக்காவுக்கு இதையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். அது பழைய முட்டை என்பது என் கட்சி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை மாவட்ட இறுதியாட்டம். ரைலன் இல்லாவிட்டால் நம் அணி கோவிந்தா. அவனோ போன வெள்ளிக்கிழமை எதிரணிப் பையன் ஒருவனோடு தலையும் தலையுமாக மோதிவிட்டான். மோதியவன் எழுந்து, எதிரணி கூடி நின்ற வட்டத்துக்குள் போய், ரெண்டு பேர் தோளில் கைபோட்டு, அவர்களுடைய திட்டத்தைக் கவனமாகக் கேட்டான். "பாருங்கய்யா, உளவு பாக்குறான் என் புள்ள!" என்று நான் கத்தினேன். அந்தப் பையன்கள்தான் "டேய், உன் ஆளுங்க அந்தப் பக்கம்டா" என்று கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டியில் வரும்போது "அப்பா, ஜெயிச்சோமா?" என்றான். ஜெயித்தோம் என்றேன். சந்தோஷப்பட்டான். பெட்ரோல் பங்க் தாண்டியதும் மறுபடி கேட்டான், மறுபடி அதே சந்தோஷம். ஒரே வெற்றியை வீடு வரைக்கும் கொண்டாடினான். நாடின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்குமுன், மைதான மருத்துவ உதவியாளர் ரமோனா ஒவ்வொரு பையனையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து மூளைப் பரீட்சை வைப்பாள். சொற்களை ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும், எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும். மார்க் குறைந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆகவே இந்த ஊரில் விவரம் தெரிந்த எவனும் ஆகஸ்டில் ஒழுங்காக எழுதுவதில்லை. அப்போதே மட்டமாக எழுதிவைத்தால் அடிபட்ட பிறகு மட்டமாக எழுதினாலும் யாருக்குத் தெரியப்போகிறது? "ரொம்ப மூளையைக் காட்டாதடா" என்று நானும் ரைலனிடம் சொல்லி அனுப்பினேன். அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. ஞாபகம் வைக்கச் சொன்ன சொற்களை விட்டுவிட்டு, காலையில் தின்றதையெல்லாம் சொல்லியிருக்கிறான்.

திங்கட்கிழமை மறுபரீட்சை. ஆகஸ்டைவிட மார்க் கூடியிருக்கிறது! "அடி வாங்கினா அறிவு வருதுய்யா ஹார்லன்!" என்று கோச் பஸ்பி என் முதுகில் தட்டினார். டாக்டரும் மார்க்கைப் பார்த்துவிட்டு ஆடலாம் என்று சொல்லிவிட்டார். இனி வேண்டியது அப்பா அல்லது அம்மா கையெழுத்துதான். நாடின் மாட்டேன் என்று பேனாவை ஒளித்துவைத்துவிட்டாள்.

ரமோனா என் கடைக்கே வந்துவிட்டாள். "பொய்யா எழுதின மார்க்கை வெச்சுகிட்டு நான் எதோட ஒப்பிட்டுப் பாக்குறது? அவன் தலை நல்லா இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாமப் பண்ணிட்டீங்களே!" என்று கத்தினாள்.

"நானும் நாலு வருஷம் இடி வாங்கினவன்தாம்மா. எங்க கோச் விரலைக் காட்டி எத்தனைன்னு கேப்பாரு. என்ன சொன்னாலும் 'கிட்டத்தட்ட சரி, உள்ள போ'ம்பாரு. எனக்கு இப்ப என்ன ஆயிடுச்சு?"

"அப்ப நீங்களே வந்து உக்காருங்க. முழு மனசோட எழுதுங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

கடையில் நின்றவர்கள் "போ ஹார்லன்!" என்று கூவினார்கள். ஒப்புக்கொண்டேன். எனக்கென்ன பயம்? வண்டிச் சாவி பிரிட்ஜுக்குள் கிடப்பதும், கறி வாங்கப் போனவன் வெறுங்கையோடு திரும்புவதும் எந்த வீட்டில் இல்லை? நாளை காலையில் எழுதி ஜெயித்துவிட்டு, ரமோனாவின் பேனாவாலேயே கையெழுத்துப் போடுவேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் ஊர் ரேடியோவை நீ கேட்க வேண்டுமே! நம் வீட்டுப் பெயர் ஊரெல்லாம் முழங்கும்.

ஆண்டவர் உன் முட்டியையும் நம் அணியின் தற்காப்பு வரிசையையும் பலப்படுத்துவாராக. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் பேச்சை இதுவரை கேட்காத தம்பி,
ஹார்லன் டாப்ஸ்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு முழு மனதோடு எழுதினேன் அக்கா. ரைலன் வேண்டுமென்றே கெடுத்து வாங்கினானே, அந்த மார்க்கைவிட என் மார்க் குறைவு. ரமோனா சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். நான் கையெழுத்துப் போடவில்லை. ரைலன் கதவை அறைந்து சாத்திக்கொண்டான், அறையட்டும். கோச் பஸ்பி என்னோடு பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. போன வருஷம் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னாயே, அவர் பெயர் மறந்துவிட்டது, மறுபடி எழுது. எனக்கும் ரைலனுக்கும் சேர்த்தே அவரிடம் நேரம் கேட்டு வை. அந்த முட்டை பழையதில்லை அக்கா. அன்று காலையில் வாங்கியதுதான்.