மைசூருக்குக் கடல் வந்தால்

கண் டாக்டரிடம் போனால் இரண்டே கோளாறுதான் சொல்வார். ஒன்று கிட்டப்பார்வை, மற்றது தூரப்பார்வை. இரண்டுக்கும் கண்ணாடி உண்டு. மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை அவர் சொல்லமாட்டார், அவருக்கே அது இருந்தாலும் இருக்கும். அதன் பெயர் தொலைநோக்கு. இது பிடித்தவருக்கு இருபது வருஷத்துக்கு அந்தப் பக்கம் நடக்கப்போவது அத்தனையும் பட்டப்பகல் மாதிரி தெரியும். காலடியில் கிடக்கிற வாழைப்பழத் தோல் மட்டும் தெரியாது.

இவரை நீங்கள் சந்தித்திருக்கிறீர்கள். காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும் என்று கேட்டால், இரண்டாயிரத்துப் பத்தில் நாட்டில் கரும்பே இருக்காது என்று ஆரம்பிப்பார். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்தால், சாம்பார் போய் ரசம் வருவதற்குள் காவிரி வற்றப்போகும் வருஷத்தைச் சொல்லி முடித்திருப்பார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது, இந்தச் சாலையை ஆறு வண்டி போகிற மாதிரி அகலப்படுத்தினால் ஓரத்து மரங்களை எல்லாம் எங்கே கொண்டுபோய் நடுவது என்று விளக்குவார். விளக்கி முடிக்கையில் பஸ் போயே போய்விட்டிருக்கும். அவருக்கு அதில் வருத்தமில்லை. அவர் போக நினைக்கிற ஊருக்கு இன்னும் பஸ் விடவில்லை.

மைசூரில் இந்த இனத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போட்டியில்லாமல் ஜெயிக்கக்கூடியவர் ஜகதீசன். அப்பா காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்காக வந்து தங்கிப்போன குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வீதியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். ரயில்வே டிராயிங் ஆபீஸில் காலமெல்லாம் கோடு போட்டு ஓய்வு பெற்றவர். ஆபீஸ் அவரை விட்டது, கோடு விடவில்லை.

தொண்ணூற்றாறில் பேப்பரில் ஒரு மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. நகரத்தின் பெருந்திட்டத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். அடுத்த பதினைந்து வருஷத்துக்கு எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே பூங்கா, எந்த ஏரியைத் தொடக்கூடாது என்றெல்லாம் தீர்மானிக்கப் போகிறார்களாம். பொதுமக்கள் யோசனை சொல்லலாமாம். பொதுமக்கள் அதைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே இருந்த சினிமா விளம்பரத்தைப் பார்த்தார்கள். ஜகதீசன் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய். நன்றாகவே இறங்கியது, பேச்சுதான் நிற்கவில்லை.

பூமி சூடாகிறது, பனி உருகுகிறது, கடல் ஏறப்போகிறது என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்து வைத்திருந்தார். அதையும் இதையும் முடிச்சுப் போட்டார். கடல் ஏறினால் கடலோரத்து ஜனங்கள் என்ன செய்வார்கள்? மேட்டைப் பார்த்து ஓடி வருவார்கள். மேடு எது? மைசூர்! கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரத்து ஐந்நூறு அடி! ஆகவே, மைசூரின் திட்டம் மைசூருக்கு மட்டும் போடுகிற திட்டம் இல்லை; மங்களூருக்கும் மெட்ராஸுக்கும் சேர்த்துப் போடவேண்டிய திட்டம். இதை இந்த ஊரில் ஒரு பிரகஸ்பதியும் யோசிக்கவில்லையே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

"மெட்ராஸ்காரங்களுக்கு வடக்குல எடம். மங்களூர்காரங்களுக்கு மேற்குல" என்றார், பக்கத்து வீட்டு ரத்தினவேலிடம். "ரெண்டு பேரையும் பக்கத்துல போட்டோம்னா மீன் கொழம்புல தகராறு வந்துடும்."

ரத்தினவேல் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சரிவான தெருவில் ஜகதீசனுக்கு அடுத்து, ஒரு படி தாழ்வாக வீடு கட்டியவர். "அய்யோ சார், நம்ம கெரே ரொம்பினாலே ஊரு தாங்கறதில்ல. நீங்க என்னடான்னா சமுத்திரத்துக்கே பத்திரிகை வெக்கிறீங்க" என்று சிரித்தார். கெரே என்றால் கன்னடத்தில் ஏரி.

தலைவர்களுக்கு இப்படித்தான், பக்கத்து வீட்டில் மதிப்பு இருக்காது. சொந்த வீட்டிலோ கேட்கவே வேண்டாம்.

"ஜூன்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றாள் மீனாக்ஷி, அவர் மனைவி. "கேட்டுக்கு முன்னால மோரியில தண்ணி போகவே இல்ல. மொதல்ல அந்த ஸ்லாபை எடுங்க."

ஸ்லாப் கதையை நான் சொல்லியாக வேண்டும். தெருவோரம் மழைத்தண்ணீர் ஓடுகிற மோரி ஒன்று எல்லா வீட்டு வாசலிலும் போகிறது. வீடு கட்டின புதிதில் ஜகதீசன் தன் கேட்டுக்கு எதிரே அந்த மோரியை ஜல்லி போட்டு நிரப்பி, நடுவில் ஒல்லியாக ஒரு குழாயை விட்டு, மேலே சரிவாக சிமெண்ட் பூசிவிட்டார். கார் சுலபமாக ஏறி உள்ளே வருவதற்கு. எந்தக் கார் என்கிறீர்களா? நல்ல கேள்வி. அவரிடம் இருந்தது ஒரு லூனா மொபெட். கார் திட்டத்தில் இருந்தது. முதலில் எண்பத்தெட்டில் வாங்குவதாக இருந்து, பிறகு தொண்ணூற்றிரண்டுக்குத் தள்ளிப்போய், கடைசியாகத் திருத்தப்பட்ட திட்டப்படி இரண்டாயிரத்து ஒன்றில் வரவேண்டியது. அந்த வராத காருக்கு வழிவிட்டு, வருகிற மழைத்தண்ணீர் எல்லாம் குழாயில் இலையும் பால் கவரும் அடைத்துக்கொண்டு, ஜகதீசன் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

"போன தசராவுக்குத் தண்ணி கூடம் வரைக்கும் வந்துச்சு. செட்டியார் காலடியில நின்னுச்சு. இந்த வருஷம் அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் சும்மா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் மீனாக்ஷி.

செட்டியார் என்றது கொலுவில் கடை வைத்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையை. கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோது மீனாக்ஷியின் அம்மா, செட்டியாரையும் செட்டிச்சியையும் வைக்கோலில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அம்மா வரவில்லை. அடுத்த தை மாசம் போய்விட்டார். களிமண் பொம்மைகள். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

"மேல் படியில வெச்சுடேன்."

"மேல் படி சாமிக்கு. செட்டியார் கடை தரையிலதான். கடையை மாடியில வெச்சா யாரு வருவாங்க?"

"இது ஒரு வீட்டுப் பிரச்னை இல்ல மீனா. கெரே வரைக்கும் மொத்த மோரியையும் ஒரே டிராயிங்கா போட்டாத்தான் தீரும். மூணாம் கட்டத்துல சேர்த்திருக்கேன்."

"மூணாம் கட்டம் எப்போ?"

"ரெண்டாயிரத்து ஒம்பது."

"அதுக்குள்ள செட்டியார் நீச்சல் கத்துக்கணுமா? கூரையேறிக் கோழி பிடிக்க மாட்டாதவரு வானமேறி வைகுண்டம் காட்டுறாராம்!"

ஜகதீசன் இதற்கெல்லாம் கலங்குகிறவர் இல்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டவன் எவனாவது நகரம் அமைத்திருக்கிறானா? அதுவுமில்லாமல் அவருக்கு அப்போது ஒரு மகத்தான யோசனை உதித்திருந்தது.

மைசூரில் தசரா கொலு என்றால் படிகளோடு முடிவதில்லை. படிக்கு முன்னால் தரையில் மண் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, ஒரு பார்க் வைப்பார்கள். வருஷா வருஷம் மீனாக்ஷி வைக்கிற பார்க்கில் ஒரு யானையும் ரெண்டு வாத்தும் இருக்கும். இந்த வருஷம் அந்த இடத்தை ஜகதீசன் கையகப்படுத்தினார். யானை, வாத்து ஆகியோருக்கு மாற்று இடம் வழங்கப்பட்டது. அங்கே இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து மைசூர் எழும்பியது.

அடேயப்பா, அதைப் பார்த்திருக்க வேண்டும்! வீடுகள் இருக்கிற பகுதிக்கு மஞ்சள் கோலப்பொடி, கடைத்தெருவுக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா. பசுமைப் பகுதி நிஜமாகவே பசுமை, கேழ்வரகு. களிமண்ணில் சாமுண்டி மலை, சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில், வடக்கே ஒரு பெரிய மரப்பலகை மேல் தீப்பெட்டி வீடுகளால் ஆன மெட்ராஸ் நகர், மேற்கே மங்களூர்ப் பேட்டை, இரண்டுக்கும் பெயர்ப்பலகை. இதையெல்லாம் பார்க்க அவர் அழைத்திருந்தது நகரத் திட்ட அலுவலகத்து அதிகாரி பசவராஜை. திட்டத்துக்கு ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப் போகிறார்கள், அதில் பொதுமக்கள் சார்பாக ஒருவருக்கு இடம் என்று காதில் விழுந்திருந்தது. அந்த நாற்காலியில் ஜகதீசன் மனசளவில் ஏற்கெனவே உட்கார்ந்தாகிவிட்டது.

பசவராஜ் சாயங்காலம் வந்தார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். ரத்தினவேலும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தசரா மழை, சொல்லிக்கொண்டா வரும்? அடித்து ஊற்றியது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஜகதீசன் குரலை உயர்த்தினார்.

"கடல் எவ்வளவு ஏறினாலும் சார், இந்த எடத்துக்குத் தண்ணி வரவே வராது! அதான் நம்ம மைசூரோட விசேஷம்!"

பசவராஜ் தன் காலைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார். பிறகு இன்னொரு காலைத் தூக்கினார். "ஜகதீஷ்ரே, நீரு ஒளகே பர்த்தா இதே" என்றார் பணிவாக. தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

வாசற்படியைத் தாண்டி, கூடத்தில் சுற்றி, நேராக மெட்ராஸ் நகருக்குள்தான் முதலில் புகுந்தது. தீப்பெட்டி வீடுகள் மிதந்து மங்களூர்ப் பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தன. ஊதா மஞ்சளில் கலந்தது, நீலம் இரண்டிலும் கலந்தது, தொழிற்சாலைக்குள் குடியிருப்பு, குடியிருப்புக்குள் கடைத்தெரு. சாமுண்டி மலை அடியில் கரைந்து உட்கார்ந்தது. கடல் இல்லாமலே வெள்ளம்.

"செட்டியார்! செட்டியாரைத் தூக்குங்க!" என்று மீனாக்ஷி சமையலறையில் இருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

செட்டியாருக்கு மிக அருகில் நின்றவர் ஜகதீசன்தான். கை நீட்டினால் எட்டும். அவரும் கை நீட்டினார். நீட்டி, மெட்ராஸ் நகர் என்ற பெயர்ப்பலகையைத் தூக்கினார்.

செட்டிச்சியை எடுத்தவர் பசவராஜ். சுண்டல் கையோடு அள்ளி நெஞ்சில் அணைத்துக்கொண்டார். மீனாக்ஷி வந்து செட்டியாரைத் தூக்கினபோது இடுப்புக்கு மேல் செட்டியார் வந்தார்; சம்மணம் போட்ட கால்கள் வரவில்லை. அவள் ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டு படியோரம் உட்கார்ந்து, வந்தவர்கள் முன்னாலேயே அழுதாள். ஜகதீசன் கையில் பலகையோடு நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பசவராஜ் குடையை விரித்துக்கொண்டு கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இந்த ஸ்லாப் யாருது சார்?"

"நம்மதுதான். டெம்பரரி."

"எஷ்டு வருஷ ஆய்து?"

எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டதும் ஜகதீசன் கையில் இருந்த பலகையைத் திருப்பிப் பார்த்தார். எண்பத்து மூன்றில் போட்டது.

"எங்க வீட்டுக்குள்ள இதுவரைக்கும் ஒரு சொட்டு வந்ததில்ல" என்று ரத்தினவேல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எல்லாம் கட்டற நேரத்துல யோசிச்சுக் கட்டணும்."

மறுநாள் காலையில் ஹனூர்ப் பக்கத்து மேஸ்திரி காளியப்பன் கடப்பாரையோடு வந்து நின்றார். ஜகதீசனே போய் அழைத்து வந்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். "ஏனுங்க, பூராவும் ஒடச்சுப் போட்ருலாமுங்களா? வண்டி கிண்டி ஏத்தோணும்னா?" என்று காளியப்பன் கேட்டார். ஜகதீசன் சிமெண்ட் சரிவைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்துக் கார், வெள்ளைக் கலர், ஒருமுறை ஏறி உள்ளே வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. "ஒடைங்க" என்றார். லூனாவை அன்றிலிருந்து ஒரு பலகை போட்டு உள்ளே தள்ளினார். அந்தப் பலகை வேறெதுவும் இல்லை, தீப்பெட்டி மெட்ராஸ் நகருக்கு அடியில் இருந்த பெரிய மரப்பலகை.

குழுவில் இடம் கிடைத்ததா? கிடைக்காமலா! இரண்டு மாசம் கழித்து நடந்த முதல் கூட்டத்திலேயே, வீட்டு வாசலில் மோரியை அடைத்து ஸ்லாப் போடுகிறவர்கள் சமூக விரோதிகள் என்று அரை மணி நேரம் பேசினார். மதம் மாறினவருக்கு எப்போதும் பக்தி ஜாஸ்தி. மீனாக்ஷி செட்டியாரை ஒரு அரிசிப் படியின் மேல் உட்கார வைத்து, வேட்டி மாதிரி ஒரு துணியைச் சுற்றினாள். கடை நடக்கிறது.

ஸ்லாபை உடைத்ததோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விஜயதசமிக்கு முந்தின நாள் மறுபடி மழை பெய்தது. தண்ணீர் ஜகதீசன் வாசலில் நிற்கவே இல்லை. இத்தனை வருஷம் கட்டிப் போட்டிருந்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஓடியது. ஓடி, அடுத்த வாசலில் ரத்தினவேல் டைல்ஸ் பதித்து, ரெண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டி வைத்துப் போட்டிருந்த ஸ்லாபில் போய் முட்டியது.

"ஜகதீசன்! உங்க தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார் ரத்தினவேல்.

யோசித்துக் கட்டியவர்தான். மறுநாளே அவரும் காளியப்பனைத் தேடிப் போனார். டைல்ஸ் போனது, தொட்டி போனது, ஸ்லாப் போனது. மோரி இப்போது அவர் வாசலிலும் திறந்து கிடக்கிறது, சரிவில் தண்ணீர் தடையில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஜகதீசனைப் பார்த்தும் ரத்தினவேலைப் பார்த்தும் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். ரத்தினவேலுக்கு அடுத்த வீடு யாருடையது? உங்கள் கேட்டுக்கு எதிரே சரிவாகப் பூசியிருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். டெம்பரரியா? சரி சரி. கார் எப்போது வாங்கப் போகிறீர்கள்?