புழக்கத்தில் இல்லாதவை

"மார்ச் 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். வாத்தியாரின் வெள்ளி டாலரைப் பற்பொடி போட்டுத் தேய்த்துவிட்டேன்."

எழுதியதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, 'சிறு' என்பதை அடித்தான். பகலெல்லாம் கிடங்கில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கிற வேலை. அந்தப் புத்தி மாலை வகுப்பிலும் விடாததால் அங்கே அவனுக்கு 'செக்கிங்' என்று பெயர்.

பழைய நாணயங்களை மதிப்பிடக் கற்றுத்தரும் வகுப்பு. "இது அரிதா இல்லையான்னு வியாழக்கிழமை சொல்லு. உன்னை நம்பித்தான் கொடுக்கறேன்," என்று வாத்தியார் கொடுத்த அமெரிக்க நாணயம் அது. சரியாகச் சொல்பவனைத் தன் மதிப்பீட்டு அலுவலகத்திலேயே சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். கறுத்துக் கிடக்கிறதே என்று தேய்த்து முடித்த பிறகுதான் செக்கிங் தன் பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். 'பழைய வெள்ளியை ஒருபோதும் தேய்க்கக் கூடாது.'

"போச்சா? இனி ஆயுசுக்கும் பெட்டிதான் எண்ணப் போறே," என்றாள் அக்கா.

அதே வருடம், பின்பக்கத்தில் அச்சடித்த ஊரைக் குறிக்கும் அதே எழுத்து உள்ள இன்னொரு நாணயம் கிடைத்தால் தப்பிக்கலாம். வெளிக்கதவில் ஒரு தாளை ஒட்டினான்: 'பழைய வெள்ளி டாலர் தேவை. பின்பக்கம் எழுத்து இருக்க வேண்டும்.'

செவ்வாய் மாலை, வெயில் இறங்குமுன்பே ஒல்லியான ஒருவர் வந்து நின்றார். காலடிச் சத்தமே கேட்கவில்லை. அவர் நீட்டிய சங்கிலியில் ஒரு பதக்கம் ஆடியது.

"இது கழுத்துல போடற டாலருங்க!"

"வேற எதைங்க டாலர்னு சொல்லுவாங்க? எழுத்து இருக்கு பாருங்க. என் சம்சாரத்தோட எழுத்து."

அவரை அனுப்பிவிட்டு, 'ஒரு பக்கம் பெண் முகம் இருக்க வேண்டும்' என்று சேர்த்து எழுதினான். அரைமணி நேரத்தில் ஆறு பேர் வந்தார்கள். ஆறும் மூடி வைத்த டாலர்கள். திறந்தால் உள்ளே பெண் முகங்கள், பழுப்பேறிய படங்களில், அவனையே பார்த்தபடி. கொண்டுவந்தவர்களின் விரல் பட்ட இடமெல்லாம் சில்லென்றிருந்தது.

"காசுன்னு தெளிவா எழுதித் தொலையேன்டா," என்றாள் அக்கா.

"காசு வேணும்னு எழுதினா இந்தத் தெருவுலயே ஒருத்தரும் நடக்க மாட்டாங்க அக்கா."

"நடக்காமலே இருக்கட்டும். கூடமெல்லாம் ஒரே ஈரமண்ணு. மழையே இல்லாம எங்கேருந்து மிதிச்சுட்டு வர்றாங்க?"

செக்கிங் மறுபடி புத்தகத்தைப் பார்த்தான். கைமாறாத, சட்டைப்பைக்குள் போகாத நாணயத்துக்குத்தான் உயர்ந்த மதிப்பு. சரியான சொல்லை இப்போதுதான் பிடித்தோம் என்ற நிம்மதியுடன் கடைசி வரியைச் சேர்த்தான்: 'புழக்கத்தில் இல்லாதவை மட்டும்.'

புதன் மாலை கிடங்கிலிருந்து திரும்பியபோது வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. இருமல் இல்லை, பேச்சு இல்லை, முண்டியடிப்பும் இல்லை. பக்கத்து வீட்டு நாய் காரின் அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது.

"இவ்வளவு ஒழுங்கா ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லடா," என்று அக்கா கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தாள்.

முதலில் நின்ற பெண்மணி உள்ளே வந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டியது. மேசைமேல் அவள் வைத்தது பதக்கமல்ல, நாணயம்.

செக்கிங் பூதக்கண்ணாடியை எடுத்தான். அதே வருடம். பின்பக்கத்துக் கழுகுக்குக் கீழே அதே கடுகளவு எழுத்து. மறுபக்கத்துப் பெண்ணின் தலைமுடி ஒவ்வொரு இழையாக எண்ணலாம்போல் இருந்தது. மூன்று முறை பார்த்தான்.

"கைபடாத காசும்மா இது! இதோட மதிப்பு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன தம்பி? எத்தனை அச்சடிச்சாங்கங்கறது பெரிசில்ல. எத்தனை மேலே மிச்சம் இருக்குங்கறதுதான் கணக்கு."

வாத்தியார்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. "இதுக்குப் பதிலா என்ன வேணும்மா? கூசாமக் கேளுங்க."

அவள் மேசையிலிருந்த பற்பொடி நாணயத்தைச் சுட்டினாள். "அதைக் கொடு. பளபளன்னு இருக்கு. எங்க பக்கம் ஒரே இருட்டு."

அவனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "தாராளமா எடுத்துக்குங்க!"

"இந்த வெளிச்சம் போதாது. இன்னொரு தரம் நல்லாத் தேய்ச்சு, நாளைக்கு நீயே கொண்டாந்து கொடுத்துடு."

"கட்டாயம். வீடு எங்கேம்மா?" என்று நாட்குறிப்பைத் திறந்து பேனாவை எடுத்தான்.

"ரெண்டாவது வரிசை, மூணாவது கல்லு. தட்டினாக் கேக்காது தம்பி, தோண்டணும்."

பேனா பழக்கதோஷத்தில் எழுதி முடித்தது: 'நாளைய வேலை: நாணயத்தை மறுபடி தேய்க்க வேண்டும். மண்வெட்டி இரவல் வாங்க வேண்டும்.'