தம் போட்ட நேரத்தில் சேலத்தில் இருந்து போன்

வேலையைச் சரியாகச் செய்தால் கெட்டது நடக்காது என்று நம்பியிருந்தேன். என் வேலை முதன்முதலாகப் பலித்த அன்றைக்கு, என் மறுவீட்டு விருந்து தீய்ந்து போனது.

நான் பத்தாவது பெயில். உத்திரமேரூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. ஓனர் கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பார். இணையத்தில் யார் தேடினாலும் அந்தக் கடை முதலில் வர வேண்டும். அதற்கான வார்த்தைகளைச் சேர்ப்பது நான். (எஸ்.இ.ஓ. என்பார்கள். வீட்டில் டைப்பிங் என்று சொல்லி வைத்திருந்தேன்.)

காதர் பாய் கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்பவர். அவருடைய வெப்சைட் பக்கம்தான் நான் தனியாகச் செய்த முதல் வேலை. எந்த ஊரின் பெயர் இருக்கிறதோ, அந்த ஊர்க்காரர் தேடும்போது பக்கம் வரும் என்றார் ஓனர். நான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டைம் போர்டில் இருந்த ஊரையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். வேலூர், சேலம், திருச்சி, பெங்களூரு. ஒன்று விடாமல் போட்டேன். (பஸ் போகிற ஊருக்குப் பிரியாணி போகாதா?) கீழே பாயின் செல் நம்பர்.

மாதக்கணக்கில் ஒரு போன்கூட வரவில்லை. பாய் ஒன்றும் கேட்கவில்லை. "உன் மறுவீட்டு விருந்துக்கு நான்தான் தம் போடுவேன் பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் ஆனது. இனி வேலைக்கு அனுப்புவார்களா, தெரியாது. "விருந்துக்கு வர்றேன். அப்பால பேசிக்கலாம்" என்றார் மாமியார். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

விருந்தன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் பாய் அடுப்பு மூட்டினார். தம் போட்டார். செல் அடித்தது. எங்கள் ஊரில் செல் அடிக்கும், பேச்சு கேட்காது. பம்பு செட்டுக்குப் போனால்தான் கேட்கும். பாய் ஓடினார். திரும்பி வந்தார். மறுபடி அடித்தது. மறுபடி ஓடினார். (கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் விட மாட்டார். நல்ல மனிதரால் வரும் ஆபத்து.)

"யாரு பாய்?" என்று என் நைனா, அதாவது அப்பா, கேட்டார்.

"வேலூருண்ணே. அதுக்கு மின்ன பெங்களூரு. எங்கெங்கியோ இருந்து கூப்புடறாங்க. ஒரே பேஜாரா கீது."

எனக்குப் புரிந்துவிட்டது. நான் போட்ட ஊர்கள்தான் என்று பயம். கூடவே கொஞ்சம் சந்தோஷம். அதை யாரிடம் சொல்வது?

அப்போது வாசனை வந்தது. பாய் ஓடி வந்து மூடியைத் திறந்தார். அடி பிடித்துப் புகைந்தது. சம்பந்தி வீட்டார் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நைனா தலையில் கை வைத்தார்.

மாமியார் எழுந்து பின்பக்கம் வந்தார்.

"இன்னா பாய், தீஞ்ச நாத்தம் அடிக்குது?"

பாய் இரண்டு கையிலும் அண்டாவைப் பிடித்திருந்தார். செல் அடித்தது. மாமியார் அதை எடுத்துக்கொண்டு பம்பு செட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"அலோ. சேலமா? இந்த நம்பரு யாரு குடுத்தா? கம்ப்யூட்டர்லியா?"

என்னைப் பார்த்தார்.

"நீ போட்டதா?"

"ஆமா அத்த."

"டைப்பிங்னு சொன்னாங்க?"

"நான்தான் அப்டி சொல்லி வச்சேன் அத்த."

"சேலத்துல கீறவன் பாத்துட்டு போன் பண்றானே" என்றார். திட்டுகிற குரல் இல்லை. பிறகு செல்லில், "பாய் வேலையா கீறாரு. அப்பால பண்ணுப்பா" என்று வைத்தார்.

திரும்பிப் போய் இலை முன்னால் உட்கார்ந்தார். "மேல நல்லாத்தான் கீது. போடு பாய்." அவர் சாப்பிட்டதும் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். மாமியார் மெதுவாகச் சொன்னார்.

"திங்கக்கெழம வேலைக்குப் போ. மொதல்ல அந்த சேலத்த எடுத்துடு."

போனேன். எடுத்தேன். உத்திரமேரூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி போதும் என்று விட்டேன். பாய்க்குக் கல்யாணங்கள் வந்தன. எனக்கும் அடுத்தடுத்து வேலை வந்தது. இன்று வீட்டிலிருந்தே எங்கெங்கோ உள்ள கம்பெனிகளுக்கு இதையே செய்கிறேன்.

வேலை மும்முரத்தில் அடுப்பை மறந்துவிடுவேன். பால் பொங்கும், குழம்பு அடி பிடிக்கும். மாமியார் உள்ளே இருந்து குரல் கொடுப்பார்.

"இன்னாம்மா, சேலத்த இன்னும் எடுக்கலியா?"