துடியலூர் ரெய்டும் தம்பிதுரையின் கட்சிக்காரரும்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் நடந்த தூரத்திலேயே வக்கீல் தம்பிதுரை முடிவு செய்துவிட்டான். இந்த அநியாயத்தை விடுவதில்லை. ஐகோர்ட்டுக்குப் போவது. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் சுப்ரீம் கோர்ட். அங்கேயும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

அநியாயம் இதுதான். துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மனமகிழ் மன்றம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே தம்பிதுரை உட்பட நாலு பேர் ரம்மி ஆடி மனம் மகிழ்வார்கள். இன்றைக்கு மகிழ்ந்துகொண்டிருந்தபோது ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் வாரண்ட் இல்லை. லத்தி இருந்தது. ஆடியவர்களையும், ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாரப்பன் என்ற ரிட்டயரான மில் மேஸ்திரியையும் சேர்த்து வேனில் ஏற்றினார். ஸ்டேஷனில் வரிசையாகக் குத்தவைத்து உட்கார வைத்தார். பிறகு, "இன்னொரு தடவை பார்த்தேன், தொலைச்சுருவேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தம்பிதுரை அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. மகன் படித்துவிட்டால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று சத்தியமங்கலத்தில் மஞ்சள் போடும் அவன் அப்பா நம்பியிருந்தார். தம்பிதுரைக்கோ, எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்பதே படித்த பிறகுதான் தெரிந்தது. வேனில் ஏறும்போது அவனுக்குச் சட்டம் முழுசும் ஞாபகம் இருந்தது. வாய்தான் வரவில்லை. கடைசியில் மெதுவாக, "சார், வாரண்டுங்க..." என்றான்.

"வாரண்டா? ஏன், அதைக் காட்டினாத்தான் ஏறுவியா? ஏறுடா" என்றார் எஸ்.ஐ.

அந்த 'டா'தான் அவன் நெஞ்சில் தைத்தது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவன் மனைவி புவனா கோபிச்செட்டிபாளையத்துக்காரி. அவளுடைய சித்தப்பா ஒரு வாழைத்தோட்டத்தையே சீட்டில் தோற்றவர். நிச்சயதார்த்தத்தன்றே அவள் தம்பிதுரையிடம் சொல்லியிருந்தாள்: "நீங்க சீட்டத் தொட்டீங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் கோபி பஸ் ஏறிப்போடுவேனுங்க." அவளைப் பொறுத்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சீனியர் வக்கீல் ஆபீசில் கட்டு புரட்டிக்கொண்டிருக்கிறான். சீட்டுக்கட்டு என்று அவளுக்குத் தெரியாது.

புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போயிருப்பான். ஆனால் கோபம் அடுப்பில் வைத்த பால் மாதிரி. பொங்கினால் பாத்திரம் தாங்காது.

"அக்கிரமம்!" என்றான் செருப்பைக் கழற்றாமலே.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று புவனா வெளியே வந்தாள். "பேண்டெல்லாம் ஒரே மண்ணா இருக்குது?"

"அதை விடு. போலீஸ் ராஜ்ஜியம் நடக்குது இந்த ஊர்ல. வாரண்ட் இல்லாம கிளப்புக்குள்ள பூந்து ஆளுகளைப் பிடிச்சுட்டுப் போறாங்க!"

"ஆரைங்க?"

நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினான்.

"ஒரு கட்சிக்காரர். ஆபீசுக்கு வந்தாரு. அழுகாத கொறை."

"அப்பிடிங்களா! உக்காருங்க, காப்பித்தண்ணி கொண்டாரேன். முழுசாச் சொல்லுங்க."

இத்தனை ஆசையாக அவள் ஒரு வழக்கைக் கேட்டதே இல்லை. தம்பிதுரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோர்ட்டில் சீனியருக்குப் பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பவனுக்கு, எதிரில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் கிடைப்பதென்றால் சும்மாவா?

"கேளு புவனா. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுல வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவனே என்ன சொல்றான்? வாரண்டோட போனாத்தான் அங்க கிடைக்கிற சீட்டுக்கட்டு சாட்சி. வாரண்ட் இல்லாமப் போனா அது வெறும் அட்டை! வெள்ளைக்காரனுக்கு இருந்த மரியாதை இவனுகளுக்கு இல்லையா?"

"அதானுங்க!"

"அடுத்தது, ரம்மி சூதாட்டமே இல்லை. மூளைக்கு வேலை குடுக்கற ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. எந்தச் சீட்டு எறங்கிச்சு, எதிராளி எதைப் பிடிச்சு வெச்சிருக்கான்னு கணக்குப் போடணும். லேசுப்பட்ட வேலையா? கையில ஜோக்கரோட எல்லாம் சேர்ந்து, ஒரே ஒரு கிளாவர் ஏழுதான் பாக்கி. அது வந்திருந்தா ஆட்டம் முடிஞ்சுது. அந்த நேரம் பார்த்து வர்றான் பாரு! மனுசனா அவன்?"

"கிளாவர் ஏழுங்களா?"

"கட்சிக்காரர் சொன்னாரு."

"ஞாபகமாச் சொல்லியிருக்காருங்க."

"பாதிக்கப்பட்டவன் மறப்பானா?" என்று சமாளித்துக் காப்பியைக் குடித்தான். "ஐகோர்ட்டுல ரிட் போடப்போறேன். என்ற பேருல, என்ற முதல் கேஸ். அந்த எஸ்.ஐ. கூண்டுல நிக்கோணும்."

"போடுங்க. நானும் மருதமலைக்கு வேண்டிக்கறேன்." புவனா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எதிரே சம்மணம் போட்டாள். "எனக்கு ஒரு சந்தேகமுங்க. அந்தப் பக்கத்து வக்கீல் கேக்கறதுக்கு முன்னால நாம கேட்டுப்போடறது நல்லதுங்க."

"கேளு."

"எஸ்.ஐ. கதவ ஒதைச்சுத் தொறந்தாருங்களா?"

"ஒதைக்கலை. கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு."

"அப்ப அவராத் தள்ளீட்டு வந்துட்டாருங்களா?"

"இல்லை... தட்டினாரு."

"தட்டினாருங்களா! போலீஸா இருந்துட்டுத் தட்டினாரா! பொறவு?"

தம்பிதுரை காப்பி டம்ளருக்குள் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. பொறவு என்ன நடந்தது என்பது அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது அவன் கண் சீட்டில் இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து கதவு தட்டினால் என்ன சொல்வானோ அதைச் சொன்னான். "வாங்க, வாங்க. உள்ள வாங்க, வந்து உக்காருங்க." வேடிக்கை பார்த்த மாரப்பன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, காக்கிச் சட்டையைப் பார்த்த பிறகும் வாய் நிற்காமல், "காப்பிங்களா, டீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க, பொறவு?"

"உள்ள இருந்து... கட்சிக்காரர்... வாங்கன்னாரு."

"கூப்பிட்டாருங்களா?"

"கூப்பிடலை! ஒரு மரியாதைக்குச் சொன்னது."

"அத்தோட உட்டாங்களா?"

"நாற்காலி போட்டாங்க," என்றான் ஈனஸ்வரத்தில். "காப்பியா டீயான்னு..."

புவனா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காப்பி கேட்டிருக்காங்க. இதுக்குப் பேரு ரெய்டுங்களா, விருந்துங்களா? சொந்தக்காரரு வந்தாக்கூட இத்தன ஒபசாரம் நடக்காதே!"

"அந்த ஆளு தெக்கத்திக்காரன், புவனா! நம்மூரு மரியாதை அவனுக்கு என்ன தெரியும்? நாம எமனையே வாங்கன்னுதான் சொல்லுவோம். அதுக்குன்னு அவன் உள்ள வந்தர்றதா?"

"தெக்கத்திக்காரருக்கு வாங்கன்னா வாங்கன்னுதானுங்களே அர்த்தம்?"

"மரியாதைக்குச் சொல்றது சம்மதம் ஆகாது!"

"எப்பிடிங்க ஆகாது? நீங்க பொண்ணுப் பாக்க வந்தப்ப எங்கப்பாவும் மரியாதைக்குத்தான் வாங்கன்னாரு. அத நம்பித்தான உள்ள வந்தீங்க?"

தம்பிதுரையின் ரிட் மனு அவன் கண்ணெதிரில் கிழிந்துகொண்டிருந்தது. எந்த நீதிபதி இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பார்? வாரண்ட் இல்லாமல் வந்தது தப்பு. குத்தவைத்து உட்கார வைத்தது அதைவிடத் தப்பு. இந்த அநியாயங்களையெல்லாம் ஒரு 'வாங்க' வந்து மூடி மறைத்துவிட்டதே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

"வேன்ல ஏத்தி 'டா' போட்டானே! அதையும் கூப்பிட்டா வாங்கினோம்?" என்று கத்தினான்.

"தப்புதானுங்க. ஒரு மனுசன 'டா'ன்னு சொல்றதுக்கு எந்தச் சட்டத்துலயும் எடமில்லீங்க." புவனாவின் குரலில் நிஜமாகவே கோபம் இருந்தது. தம்பிதுரைக்கு ஆறுதலாக இருந்தது. "பாவம், அவரு சம்சாரத்துக்கு இது தெரியுமுங்களா?"

"தெரியாது. தெரிஞ்சா அவ்வளவுதான். அடுத்த கோபி பஸ்ல ஏறிருவா."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

"அட, அந்தப் புள்ளையும் கோபிங்களா!" புவனாவின் முகம் மலர்ந்தது. "எந்தூட்டுப் புள்ளைங்க?"

"கோபின்னா... கோபி இல்லை... அந்தப் பக்கம்..."

"நாளைக்கு அம்மா ஊட்டுக்கு ஒரு எட்டுப் போறேன். வெசாரிச்சாத் தெரிஞ்சுபோகுது. நம்மூருப் புள்ள, நாமதான் சொல்லோணும்."

"வேண்டாம்!" தம்பிதுரை எழுந்தே விட்டான். "கட்சிக்காரர் ரகசியத்தை வெளிய விடக்கூடாது. வக்கீல் தர்மம்!"

"சரிங்க, ஆருகிட்டயும் சொல்லுல. ஆனா அந்தப் புள்ளைக்கும் ஒரு நாயம் வேணுமுங்களே." கொஞ்சம் யோசித்தாள். "ஏனுங்க, ஜாமீன்ல உடறப்ப, தெனமும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகோணும்னு சொல்லுவாங்களே, அதென்னுங்க?"

"நிபந்தனை ஜாமீன்," என்றான். சட்டம் தெரிந்ததைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் தானாக நிமிரும். "ஆள் தப்பு பண்ணாம இருக்கானான்னு தெரிஞ்சுக்கறதுக்கு, குறிச்ச நாள்ல குறிச்ச இடத்துல ஆஜராகணும்."

"நல்ல சட்டமுங்க. அப்ப உங்க கட்சிக்காரரு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மத்தியானம் இங்க வந்து, பொழுது எறங்கற வரைக்கும் என்ற முன்னால உக்காந்திருக்கோணும். வந்தாருன்னா நான் கோபிக்குப் போகுல. வராட்டிப் போறனுங்க."

வீட்டுக்குக் கூட்டிவரத் தம்பிதுரை எங்கே போவான் ஒரு கட்சிக்காரருக்கு? சீட்டாட்டக்காரர்களில் எவனும் இன்னொருவன் மனைவி முன்னால் வந்து உட்கார மாட்டான். மாரப்பனைக் கேட்கலாமா? அவர் வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அவன் மூளை கிளாவர் ஏழைத் தேடியதைவிட வேகமாகத் தேடியது. தேடியது கிடைத்தும் விட்டது.

"அவருக்குக் கூச்ச சுபாவம் புவனா. பொம்பளைக முன்னால வரமாட்டாரு. ஆனா ஒண்ணு, கட்சிக்காரர் வரமுடியாட்டி அவர் சார்பா வக்கீல் ஆஜராகலாம். சட்டத்துல இடம் இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

"வக்கீலுன்னா நீங்கதானுங்களே?"

"நானேதான்."

"வாராவாரமுங்களா?"

"வாராவாரம்! வக்கீல் வாக்கு குடுத்தா மாறமாட்டான்."

"சட்டத்துல எடமிருந்தாச் சரிங்க," என்று புவனா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கே மாட்டினோம் என்று தம்பிதுரைக்குப் புரிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருந்தது. மன்றத்தில் ஆட்டம் ஆரம்பிக்கும் நேரம். அவன் சட்டையை மாட்டி, "சீனியர் ஆபீசுக்கு" என்று வாய் திறந்தபோது புவனா கூடத்தில் பாயை விரித்திருந்தாள். பக்கத்தில் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம்.

"நேரத்துக்கு ஆஜராயிட்டீங்க, உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தான். உரித்தான். வெயில் சுவரில் ஏறி இறங்கியது. வெங்காயம் தீருவதாக இல்லை. வாரண்ட் இல்லை, ஒரு அதட்டல் இல்லை, ஒரு 'டா' இல்லை. எந்த ஐகோர்ட்டில் போய் இதைக் கேட்பது? அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, புவனா கையிலிருந்ததை உரித்து முடித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"உங்க கட்சிக்காரரை நான் கேட்டதாச் சொல்லுங்க."