முதலாளி தோற்கக் கூடாது

"தம்பி, நீ கொஞ்சம் வெளிய உட்காரு."

"ஏண்ணே? நல்லாத்தானே ஆடறேன்?"

"அதான்டா பிரச்சினை."

நெட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. பேக்கிங் பிரிவுக்குப் புதிதாக வந்தவன். மேல்தட்டுப் பெட்டிகளை ஏணி இல்லாமலே அடுக்குகிற உயரம். வளையத்துக்குக் கீழே கொடிக்கம்பம் மாதிரி நின்றுகொண்டு, வந்த பந்தையெல்லாம் வாங்கி உள்ளே போட்டுத் தள்ளியிருந்தான். பட்டறை அணி ஆறு புள்ளி முன்னால் இருந்தது. அந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் இப்படியோர் அபசாரம் நடந்ததே இல்லை.

குடை செய்கிற இடத்தில் கூடைப்பந்து எதற்கு என்று கேட்கக்கூடாது. முதலாளி கல்லூரியில் ஆடியவர். அதனால் ஆண்டு விழா அன்று, லாரி நிற்கிற முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அவர் தலைமையில் அலுவலகம் ஒரு பக்கமும் பட்டறை எதிர்ப்பக்கமுமாக ஆடியாக வேண்டும். வருஷா வருஷம் முதலாளிதான் ஜெயிப்பார். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

இந்த வருஷம் பட்டறை அணிக்குத் தலைவர் பரிசோதகர். தைத்து வருகிற குடைகளை ஒவ்வொன்றாக விரித்து, மடக்கி, குறை பார்த்து அனுப்புகிறவர். தோற்க வேண்டிய அவசியம் மற்ற எல்லோரையும்விட அவருக்கு அதிகம். மனைவி வேறு ஊரில் நர்ஸ். மகளும் அவளோடு இருக்கிறாள். அதே ஊரில் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. அங்கே மாற்றல் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருக்கிறார். வாரத்தில் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதால், மகள் அவரைத் தோழிகளிடம் "எங்க ஞாயித்துக்கிழமை அப்பா" என்று அறிமுகப்படுத்துகிறாளாம். மனைவி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் மேனேஜர் அவரைத் தனியே கூப்பிட்டிருந்தார்.

"ஆட்டம் முடிஞ்சதும் உங்க விஷயத்தை முதலாளி காதுல போடறேன். ஆனா அந்த நேரம் பார்த்து அவர் மனசு குளிர்ந்திருக்கணும். நான் சொல்றது புரியுதில்ல?"

நன்றாகவே புரிந்தது. அதனால்தான் நெட்டையை உட்காரவைத்துவிட்டு, கேன்டீன் மாஸ்டரை உள்ளே இறக்கினார். மாஸ்டர் பிறந்ததிலிருந்து பந்தைத் தொட்டவரில்லை.

"எங்கிட்ட பந்து வந்தா என்ன பண்ணணும்?"

"யார்கிட்டயாவது கொடுத்துடுங்க மாஸ்டர். கையில வச்சுக்காதீங்க."

அது போதும், வினை தொடங்கிவிட்டது. இதுவரை எல்லோரும் பந்தை நெட்டையிடம் கொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவன் இல்லையா, வேறு வழியில்லாமல் ஓட ஆரம்பித்தார்கள். மாஸ்டரோ தட்டு நீட்டியவர்களுக்கெல்லாம் பரிமாறிப் பழகிய கை. வந்த பந்தை வந்த வேகத்தில் யாருக்காவது கொடுத்தார். தையல் அக்காவுக்கு ஒன்று, கைப்பிடி மாட்டுகிற மாமாவுக்கு ஒன்று. அலுவலகத்துக்காரர்களுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முன்னிலை பத்தானது.

பரிசோதகர் தையல் அக்காவிடம் ஓடினார்.

"அக்கா, முதலாளியை ஏன் இப்படி மறிக்கிறீங்க? வழி விடுங்க!"

"நீங்கதானே அவரைப் பார்த்துக்கச் சொன்னீங்க?"

"பார்த்துக்கன்னா மரியாதையாப் பார்த்துக்கணும்!"

அக்கா மரியாதையாக நாலடி தள்ளி நின்றாள். முதலாளி தன்னந்தனியாக வளையத்தடியில் நின்று பந்தை வீசினார். அது பலகைக்கு மேலே பறந்து குப்பைத்தொட்டியில் விழுந்தது. பாவம், வயதாகிவிட்டது என்று பரிசோதகர் மனம் இளகினார்.

அடுத்து மாமாவின் காதைக் கடித்தார். "மாமா, கிட்டப் போகாதீங்க. அதோ அந்தத் தூரக் கோட்டுலேர்ந்தே வீசுங்க."

"அவ்ளோ தூரம் எனக்குக் கண்ணே தெரியாதே!"

"பரவால்ல மாமா, தைரியமா வீசுங்க."

மாமா வீசினார். பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது. தூரத்திலிருந்து போட்டதற்கு மூன்று புள்ளி. மாமா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "இத்தனை வருஷத்துல என்னை நம்பி பந்து போடச் சொன்ன ஒரே ஆளு நீதான்யா!" மாமாவின் கண் கலங்கியிருந்தது. பரிசோதகரின் கண்ணும் கலங்கியது, காரணம் வேறு.

இனி இவர்களை நிறுத்த ஒரே வழி நெட்டைதான். அவன் உள்ளே வந்தால் பழையபடி எல்லோரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மாஸ்டரை எடுத்துவிட்டு அவனை இறக்கினார்.

"நீங்க ஏன் உட்கார வச்சீங்கன்னு இப்பத்தாண்ணே புரிஞ்சுது," என்றான் நெட்டை, பக்தியோடு. "நான் தனியா ஆடினேன். எல்லாருக்கும் கொடுத்து ஆடணும்னு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கீங்க."

"டேய், அப்படியெல்லாம் இல்லடா..."

அவன் காதில் விழவில்லை. உயரத்தில் பந்தைப் பிடித்து, ஆள் பார்த்து, பூப்போல இறக்கிக் கொடுத்தான். அணி கடிகாரம் போல ஆடியது. வேலை நேரத்தில் இந்த ஒற்றுமையைப் பாதி காட்டியிருந்தால் கம்பெனி இன்னும் நாலு கிளை திறந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் பரிசோதகர் தாமே துரோகத்தில் இறங்கினார். பந்து கிடைத்தபோதெல்லாம் கைதவறியது போல எதிரணிக்குக் கொடுத்தார். முதலாளிக்குக் கொடுத்தால் அவர் தவறவிட்டார். மேனேஜருக்குக் கொடுத்தால் அவர் சரியாகப் போட்டார். மேனேஜர் போடும்போதெல்லாம் முதலாளி அவரை முறைத்தார். தன்னிடம் தரவில்லை என்கிற கோபமாக்கும் என்று பரிசோதகர் நினைத்துக்கொண்டார். எப்படியோ கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் சமமானது.

பந்து இப்போது அவர் கையில். எதிரே முதலாளி. பரிசோதகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிரசாதம் கொடுப்பதுபோல் பந்தை அவர் கையிலேயே வைத்தார். முதலாளி வாங்கினார், தரையில் தட்டினார், அது அவர் கால் விரலில் பட்டு உருண்டு பரிசோதகரிடமே திரும்பி வந்தது.

"போடுங்கண்ணே! போடுங்க!" என்று முற்றமே அலறியது.

போடாமல் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். சரி, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி வீசிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சுண்டினார். நாள் முழுக்கக் குடை விரிக்கிற மணிக்கட்டு அது. ஒரே உதறலில் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்று அதற்கே ஒரு கணக்கு இருந்தது. பந்து பலகையில் மோதி, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. நடுவராக நின்ற வாட்ச்மேன் கடைசி விசிலை ஊதினார்.

அவரைத் தூக்கிவிட்டார்கள். மாமா ஒரு காலை, மாஸ்டர் ஒரு காலை. தையல் அக்கா விசிலடிக்கத் தெரியாமல் வெறும் காற்றை ஊதினாள். மேலே இருந்தபடி பரிசோதகர் மகளை நினைத்தார், இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமையோ என்று நினைத்தார். நினைத்தபோதே, வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று வயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து அவர் எதிலும் ஜெயித்ததில்லை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதுமில்லை.

கூட்டம் அவரை இறக்கிவிட்டபோது முதலாளி நேரே எதிரில் நின்றார். முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் மேனேஜர் வெளிறிப்போய் நின்றார்.

"சார், தெரியாம விழுந்துடுச்சு," என்றார் பரிசோதகர்.

முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை. "மாற்றல் கேட்டது நீங்கதானே? அடுத்த வாரமே கிளம்புங்க. வீட்டைக் காலி பண்ணி சாமான் ஏத்த நம்ம லாரியையே எடுத்துக்கங்க."

சொல்லிவிட்டு வாசலில் நின்ற காரை நோக்கி மெல்ல நடந்தார். பரிசோதகருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் குழப்பம் போகவில்லை. கார்க் கதவைத் திறந்துவிட்டு இந்தப் பக்கம் சுற்றிவந்த டிரைவரை மடக்கினார்.

"அண்ணே, என்னைக் கண்ணுல படாம அனுப்பிடணும்னு கோவத்துல சொல்றாரா?"

"கோவமா? 'என்னைக்குத் தோக்கறேனோ அன்னைக்கு ஆட்டத்தை விடறேன்'னு வீட்டு அம்மாகிட்ட வீறாப்பா சொல்லித் தொலைச்சுட்டு, வருஷா வருஷம் முழங்கால் வலியோட தோக்கறதுக்கு மனுஷன் படாத பாடு படறாரு, நீங்கல்லாம் விட்டாத்தானே!"