பந்தை வளைக்கப் பதினோரு படிகள்

இனிமேல் வெள்ளைப் பந்து நேராகப் போகக் கூடாது என்று பகலவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தான். ஷிஃப்ட் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எடுத்த முடிவு. அந்த நேரத்தில் சாதாரண மனிதர்கள் தூங்குவார்கள்.

ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் குவாலிட்டி சூப்பர்வைசர். ஞாயிறு வந்தால் தண்டலத்தில், மேஜைமேல் குச்சியால் பந்தடிக்கும் பில்லியர்ட்ஸ் கிளப்புக்குக் கிளம்பிவிடுவான். போன வாரம் அங்கே எவனோ ஒருவன், குறுக்கே நின்ற பந்தைச் சுற்றிக்கொண்டு போகும்படி வெள்ளைப் பந்தை வளைத்து, பின்னால் ஒளிந்திருந்த பந்தை அடித்துவிட்டுச் சாவகாசமாக டீ குடித்தான். அதிலிருந்து பகலவனுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியது, மூன்று தட்டு இறங்கியது. ருசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டான்.

மனைவி செந்தாமரைக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி வேலை. எள்ளுப் போன்ற ஸ்க்ரூவை நாள் முழுக்க நின்றபடி முடுக்க வேண்டும். ஆறு நாள் அந்த லைனில் நிற்பாள். ஏழாம் நாள் வீட்டு அடுப்படியில் நிற்பாள். உட்காருவதற்கென்று ஒரு நாளை யாரும் அவளுக்கு ஒதுக்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கெழமயாவது வூட்ல இருய்யா. மாவு அரைக்கணும். துணி மலையா கீது."

"ப்ராக்டீஸ் கீதுடி."

"இன்னா ப்ராக்டீஸ்?"

"பந்த வளைக்கணும்."

"எட்டு வருசத்துல முதுக வளைச்சு ஒரு பக்கெட் தூக்கினதில்ல. பந்த வளைக்கப் போறியா?"

"இது மூளை வேலைடி. ஆங்கிள் கீது, ஃபோர்ஸ் கீது. பொம்பளைங்களுக்கு வராது."

செந்தாமரைக்குக் கோபம் வரவில்லை. அப்போதே பகலவன் உஷாராகியிருக்க வேண்டும். எட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த ஒரு பாடத்தை மட்டும் அவன் படிக்கவே இல்லை.

"எனக்கு வந்துட்டா?" என்றாள்.

"வந்துட்டா ஞாயித்துக்கெழம வூட்டு வேலை மொத்தம் என்னுது. சமையல், மாவு, துணி, எல்லாம்."

"வராங்காட்டி?"

"ஆயுசுக்கும் ஞாயித்துக்கெழம எனக்கு. நீ வாயத் தொறக்கக் கூடாது."

"சரி, மூணு வாரம் டைம் குடு. உங்க கம்பெனில எல்லாத்தையும் எழுதி மெஷின் பக்கத்துல ஒட்டுவீங்களே, அந்த மாதிரி எழுதிக் குடுத்துரு. எழுத வருமில்ல?"

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில்தான் பகலவன் தொபுக்கடீரென்று விழுந்தான். எழுத வருமாவா! வேலையைப் படிப்படியாக எழுதி ஒட்டும் அந்த எஸ்.ஓ.பி. தாளுக்காக இரண்டு முறை ஷீல்டு வாங்கியவன் அவன். "நேத்து சேர்ந்தவன் பார்த்தாலும் தப்பில்லாம செய்யணும், அதான்டா எஸ்.ஓ.பி." என்று லைனில் நின்று முழங்குகிறவன்.

இரண்டு நாள் லீவு போட்டான். நாற்பது வீடியோ பார்த்தான். பதினோரு படிகள், அம்புக்குறி, கலரில் படம். 'குறுக்கே நிற்கும் பந்துக்கு வலப்புறம் குறி வை.' 'குச்சியின் பின்பக்கத்தை நன்றாகத் தூக்கு.' 'வெள்ளைப் பந்தின் இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக இறக்கு.' ஒன்பதாம் படியைச் சிவப்பில் எழுதினான்: 'வேகம் கூடாது. வேகமாக அடித்தால் வளைய நேரம் கிடைக்காது.' லாமினேட் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தான். எழுதிய பிறகு அடித்துப் பழக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தாள் அவ்வளவு நன்றாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, காலை பதினோரு மணி, தண்டலம் கிளப். சாட்சி ஏசுவடியான். பகலவனோடு வேலை பார்ப்பவன், பகலவன் எது சொன்னாலும் தலையாட்டுகிறவன். குறுக்கே ஒரு சிவப்புப் பந்து, அதன் பின்னால் அடிக்க வேண்டிய மஞ்சள் பந்து. ஆளுக்கு மூன்று அடி.

பகலவன் குச்சி முனையில் சாக்பீஸைத் தேய்த்தான். சுற்றி இருந்த காலேஜ் பையன்கள் பார்க்கிறார்கள் என்றதும் நெஞ்சு நிமிர்ந்தது. ஓங்கி ஒரு அடி. வெள்ளைப் பந்து எகிறிக் குதித்து அடுத்த மேஜையில் போய் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது.

"குச்சி சரியில்ல," என்றான்.

"ஆமாண்ணா, குச்சி சரியில்ல," என்றான் ஏசுவடியான்.

இரண்டாவது அடியில் சிவப்புப் பந்துக்கு மண்டையில் இடி. மூன்றாவதில் வெள்ளைப் பந்து கோடு போட்ட மாதிரி நேராகப் போய் மேஜையின் எதிர் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"மேஜைத் துணி சரியில்ல."

ஏசுவடியான் இந்த முறை தலையாட்டவில்லை.

செந்தாமரை முந்தானையை இடுப்பில் செருகினாள். உதடு மட்டும் அசைந்தது. பதினோரு படியையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பின்கையைத் தூக்கினாள். ஸ்க்ரூ முடுக்கிப் பழகிய கை, ஆடவே இல்லை. டொக். வெள்ளைப் பந்து, லீவு போட்ட அன்று மேனேஜரைத் தெருவில் பார்த்தவன் போல வலப்புறம் ஒதுங்கி நடந்தது. சிவப்பைத் தாண்டியதும் இடப்புறம் திரும்பியது. மஞ்சளை மெல்லத் தொட்டது.

பையன்கள் விசிலடித்தார்கள். பகலவன் குருட்டாம்போக்கு என்றான். அவள் மறுபடி அடித்தாள். மறுபடி தொட்டது.

"எங்கடி கத்துக்கின?"

"எங்க கம்பெனில ரெஸ்ட் எடுக்குற ரூம்ல இதே மாதிரி ஒரு டேபிள் கீது. விருந்தாளிங்களுக்குக் காட்ட வாங்கிப் போட்டது. மூணு வாரமா லஞ்ச் டைம்ல அங்க நின்னு அடிச்சேன். உன் தாளைத்தான் மனப்பாடம் பண்ணேன். ஒரு வரி மாத்தல."

பகலவனுக்கு அவமானம் பாதி, தன் எழுத்தின் பெருமை பாதி. பெருமையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தான்.

"அப்ப எழுதினவன் யாரு? நான்! என் எஸ்.ஓ.பி.யாலதான் பந்து வளைஞ்சுது. நியாயமா ஜெயிச்சது நானு!"

"யாரு இல்லன்னது?" என்றாள் செந்தாமரை, நிஜமாகவே கனிவாக. "உனுக்கு எழுத்துதான் வருது, எனுக்கு அடிக்கத்தான் வருது. அதனால நீ வூட்ல உக்காந்து எழுது. நான் இங்க வந்து அடிக்கிறேன்."

சொன்னது நியாயமாக இருந்ததால் ஏசுவடியான் உடனே தலையாட்டினான்.

அடுத்த ஞாயிறு, வடக்குப்பட்டு வாடகை வீட்டில் பகலவன் கிரைண்டர் முன்னால் நின்றான். உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும், தண்ணீர் எப்போது விட வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. அரிசி ஒருபுறம், குக்கர் ஒருபுறம், குக்கரோ நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் செந்தாமரைக்குப் போன் போட்டான். கிளப்பிலிருந்து ஏசுவடியான்தான் எடுத்தான்.

"அண்ணி ஷாட்ல கீறாங்க. நடுவுல போன் பண்ணாதண்ணா."