காத்தமுத்துவின் புல்தரை

காத்தமுத்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் புல்தரை போடுவது. அதன் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியில் காத்தமுத்து.

சிலோனில் அவர் பிறந்த தோட்டத்தில், தொரை பங்களாவுக்கு முன்னால் அப்படி ஒன்று இருந்தது. சாயங்காலமானால் தொரை அதில் உட்கார்ந்து காலை நீட்டுவார். காத்தமுத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இப்போது கப்பலேறி இந்தியா வந்து, தேவாலா பக்கத்து எஸ்டேட்டில் வேலையும் கிடைத்து, பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடும் கிடைத்தாகிவிட்டது. நாற்காலி ஒன்றுதான் பாக்கி. சாவதற்குள் ஒரு நாளாவது சொந்தப் புல்லில் காலை நீட்ட வேண்டும் என்று அந்த மனுஷனுக்கு நிஜமாகவே ஆசை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அவர் மனைவி பொன்னாயியும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு யோசனை இருந்தது.

“அந்த எடத்துல பீன்ஸ் போடலாங்க. முள்ளங்கி போடலாம். நல்லா வரும்தானே?”

“பீன்ஸா? ஒரு சாண் தர மாட்டேன். புல்லுதான்.”

“இப்ப அங்க என்னா இருக்கு?”

“புல்லு.”

“அதைப் புடுங்கிட்டு?”

“புல்லு வைப்பேன். அது வேற புல்லு, இது வேற புல்லு. ஒனக்கு வெளங்காது.”

பொன்னாயி “சரிங்க” என்றாள்.

பொன்னாயி இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் உஷாராக வேண்டும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அந்த இடம் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஓடை வரைக்கும் சரிவாக இறங்கியது. எஸ்டேட்டுக்குச் சொந்தம், யாருக்கும் ஒதுக்கவில்லை. தேவாலா மழைக்கு அங்கே முளைக்காதது இல்லை. உண்ணிச்செடி, தொட்டாச்சிணுங்கி, அப்புறம் இந்தப் பக்கத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்கிறார்களே, அது இடுப்புயரம். காத்தமுத்து தன் பின்வாசலை மட்டும் வழித்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆறுச்சாமியோ வாசற்படி வரைக்கும் காட்டை அனுமதித்திருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், டீ பேக்டரியில் ராத்திரி வாட்ச்மேன். பகலெல்லாம் கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்திருப்பார்.

“ஆறுச்சாமி! ஒங்க பக்கத்து விதையெல்லாம் பறந்து வந்து என் வாசல்ல விழுது!”

“காத்தடிக்குதுங்க.”

“புடுங்கிப் போட்டா என்னா?”

“ஏனுங்க, மழைக்கு மொளைக்குது, வெயிலுக்குக் காயுது. நடுவுல நாம எதுக்குங்க?”

“பாம்பு வரும்யா!”

“வந்துச்சுங்க. போயிருச்சுங்க.”

மரியாதை குறையாமல் பேசுகிறவனோடு எத்தனை நேரம்தான் சண்டை போடுவது? காத்தமுத்து தொண்டை வற்றி உள்ளே வந்தார். பொன்னாயி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

“எதுக்கு அந்த மனுசனை ஏசுறீங்க? அவர் சம்சாரம் மருதாம்பா ஒரு சேதி சொன்னிச்சு. சனிக்கிழமை பீல்டு ஆபீசர் வாறாராம். பின்னால எடம் சுத்தமா இருந்தா அளந்து கொடுத்துருவாராம்.”

“யாருக்கு?”

“எனக்கென்னா தெரியும்? நான் பொம்பளை.”

காத்தமுத்துவுக்குக் கண் விரிந்தது. சிலோன் தோட்டத்தில் புல்லு வெட்டக் குடும்பத்துக்கு ஒரு மலையாகக் கொந்தரப்பு, அதாவது காண்ட்ராக்ட், கொடுப்பார்கள். அவர் சுத்தம் பண்ணின மலைக்குக் காத்தமுத்து மலை என்றே பேர். தொரையே அப்படித்தான் சொல்வார். புல்லைப் புடுங்கினவனுக்கு மண். இதைவிடச் சட்டம் வேறென்ன வேண்டும்? அந்த மலை கடைசிவரைக்கும் தொரைக்குத்தான் சொந்தமாக இருந்தது என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

காய்ச்சல் என்று லீவு சொன்னார். புல் செதுக்கும் சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். மேலே மழை, காலில் அட்டை, கையில் முள். தன் வீட்டுக்கு நேராக இருந்த பாதியைச் சுத்தம் பண்ணுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

“போதும் பொன்னாயி. பாதி எடமே தாராளம்.”

“போதுங்க. பாதியிலயும் நாற்காலி போடலாந்தானே. அந்தப் பக்கத்துல நாளைக்கு ஆறுச்சாமி அண்ணன் எறங்கப் போறாராம். மருதாம்பா அருவா தீட்டிக்கிட்டிருந்திச்சு.”

மறுநாள் கோழி கூவும் முன்பே காத்தமுத்து எல்லை தாண்டிவிட்டார். முதலில் பயந்து பயந்து கொஞ்சம். ஆறுச்சாமி டீயோடு வந்து டின் மேல் உட்கார்ந்தார். சண்டைக்கு வருவார் என்று காத்தமுத்து சுரண்டியை இறுக்கிப் பிடித்தார்.

“ஏனுங்க, அந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சுங்க.”

மடையன்! தன் மண் பறிபோகிற இடத்தைத் தானே கை நீட்டிக் காட்டுகிறான். காத்தமுத்துவுக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. அந்த மூலையையும் வேரோடு வழித்தார். மருதாம்பாள் சரிவில் இறங்கி வந்து ஒரு கிண்ணம் மொச்சைக் குழம்பு நீட்டினாள். லஞ்சம் என்று நினைத்துக்கொண்டு அதையும் சாப்பிட்டார்.

பொன்னாயி கவனிப்போ கேட்கவே வேண்டாம். “இன்னொரு ரொட்டி வைக்கட்டுமா? தேங்காய்ச் சம்பல் போதுமா? அந்த ஓடைக்கரை வேர் ஆழமா போகுது பாருங்க, நல்லா சாப்பிட்டுட்டே எறங்குங்க.” கல்யாணம் ஆன புதிதில்கூட இப்படிப் பரிமாறினதில்லை. நிலம் வரப்போகிறது என்றதும் புருஷன் அருமை தெரிகிறது என்று நினைத்தார் காத்தமுத்து.

சனிக்கிழமை ஜீப் வந்தது. காத்தமுத்து கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். பீல்டு ஆபீசர் சரிவைப் பார்த்து அசந்து போனார். ஒரு பச்சை இல்லை. ஓடை வரைக்கும் செம்மண்.

“போன மாசம் காய்கறித் தோட்டம் போட எடம் கேட்டது யாரு? பொன்னாயி, மருதாம்பாள்?”

இரண்டு பேரும் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

“சுத்தம் பண்ணிக் காட்டினா தர்றேன்னு சொன்னேன். உங்களால ஆகாதுன்னு நெனைச்சுத்தான் சொன்னேன். காட்டிட்டீங்களே! சரி, ரெண்டு பேருக்கும் பொதுவா அளந்துடலாம். காய்கறி தவிர வேற எதுவும் போடக்கூடாது. என்ன போடப் போறீங்க?”

“பீன்ஸுங்கய்யா” என்றாள் பொன்னாயி.

“முள்ளங்கியுங்க” என்றாள் மருதாம்பாள்.

காத்தமுத்து ஆறுச்சாமியைப் பார்த்தார்.

“ஒமக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க. ரெண்டு பேரும் என்னைச் சும்மா உக்காரச் சொன்னாங்க. எனக்கு அது நல்லா வருமுங்க.”

ஆபீசர் அளவுக் கயிறை விரிப்பதைக் காத்தமுத்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சாண் தர மாட்டேன் என்று சொன்ன வாய். இப்போது முழுச் சரிவும் பீன்ஸுக்குப் போகிறது. நாற்காலிக்கு ஒரு சாண் இல்லை. அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஆபீசர் பக்கம் போனார்.

“அய்யா, இந்தப் புல்லெல்லாம் நான்...”

“தள்ளி நில்லப்பா. கயிறை மிதிக்கிறே.”

தள்ளி நின்றார். முளையடித்து முடித்ததும் ஆபீசர் கையைத் தட்டிக்கொண்டு பொன்னாயியிடம் கேட்டார்.

“பொம்பளைங்க ரெண்டு பேரால இவ்வளவு காட்டை அழிக்க முடியாதேம்மா. ஆள் வச்சீங்களா?”

“ஆமாங்கய்யா. ஒரே ஆளுதான்.”

“கூலி எவ்வளவு?”

“கூலியெல்லாம் இல்லீங்க. சாப்பாடு மட்டுந்தான்.”

“வெறும் சாப்பாட்டுக்கா? இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளை எங்கம்மா புடிச்சே?”

பொன்னாயி தலையைக் குனிந்துகொண்டு பவ்யமாகச் சொன்னாள்: “சிலோன்லருந்து வரும்போதே கூட்டிக்கிட்டு வந்தேனுங்கய்யா.”